60 ரிங்கிட் முகவரி 6,000 ரிங்கிட்டுக்கு விலைபோகுமா?

இன்று 60 ரிங்கிட் செலவில் ஒரு புதிய இணைய முகவரியைப் பதிவு செய்து, சில மாதங்களில் அதை 6,000 ரிங்கிட்டுக்கு விற்றுவிடலாம் என்று சொல்லும் காணொளிகளை நீங்களும் பார்த்திருக்கலாம். வலையொளியிலும் முகநூலிலும் இவை அடிக்கடி தலைகாட்டுகின்றன. கடை வேண்டாம், சரக்கு வேண்டாம், கைப்பேசி ஒன்று போதும் என்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும், பகுதிநேர வருமானம் தேடுபவர்களுக்கும் ஆசை வருவது இயல்புதான்.

இந்தத் தொழில் கற்பனை அல்ல. உலகில் உண்மையாகவே நடக்கிறது. சிலர் பெரும் பணமும் பார்த்திருக்கிறார்கள். ஆனால், பணத்தைப் போடுவதற்கு முன் இதற்குப் பின்னால் உள்ள தொழில்நுட்பத்தையும் கணக்கையும் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகவரி எப்படி வேலை செய்கிறது?

உங்கள் கைப்பேசியில் 'அம்மா' என்று தொட்டால் அழைப்பு போகிறது. அம்மாவின் எண் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. இணையமும் இப்படித்தான் இயங்குகிறது. இணையத்தோடு இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. மனிதர்களால் அந்த எண்களை நினைவில் வைத்திருக்க முடியாது. அதனால் எண்ணுக்குப் பதில் பெயரைப் பயன்படுத்துகிறோம். அந்தப் பெயர்தான் டொமைன் எனப்படும் இணைய முகவரி.

ஆரம்ப காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகம் அந்தப் பட்டியலைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக ஒரே பட்டியலால் சமாளிக்க முடியவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிவியலாளர், பொறுப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். இன்றும் நாம் பயன்படுத்துவது அதைத்தான்.

நீங்கள் ஒரு முகவரியைத் தட்டியதும் என்ன நடக்கிறது? உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் கணினி, முதலில் 'வேர்' எனப்படும் மேல்மட்டச் சேவையகத்திடம் கேட்கும். அது, டாட் காம் பற்றித் தெரிந்த சேவையகத்தைக் கைகாட்டும். டாட் காம் சேவையகம், அந்தக் குறிப்பிட்ட பெயரைக் கவனிக்கும் சேவையகத்தைக் கைகாட்டும். அங்கேதான் எண் கிடைக்கும். ஒருமுறை கிடைத்த விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பெயர் இரண்டு இடங்களைக் காட்டினால் இந்த அமைப்பே குழம்பிப் போகும். ஆகவே, ஒரு பெயர் ஒருவருக்கு மட்டுமே. வாங்கி விற்கும் வணிகம் பிறப்பது இந்த விதியில்தான். இன்னொன்று, முகவரியை நாம் 'வாங்குவதாக'ச் சொன்னாலும் அது நிலம் வாங்குவது போன்றதல்ல. வாடகைக்கு எடுப்பது போன்றது. டாட் காம் முகவரியை ஓராண்டு முதல் அதிகபட்சம் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். புதுப்பிக்கத் தவறினால் கைவிட்டுப் போய்விடும்.

பெயருக்குப் பஞ்சமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆங்கில எழுத்துகள் 26. இரண்டெழுத்துப் பெயர்கள் 26 × 26, அதாவது 676 மட்டுமே. மூன்றெழுத்துப் பெயர்கள் 17,576. நான்கெழுத்துப் பெயர்கள் 456,976. டாட் காமில் இவை எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டன. ஐந்தெழுத்துக்குப் போனால் 11,881,376 வாய்ப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வாயில் நுழையாத எழுத்துக் குவியல்கள்.

ஒரு பெயரில் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். எண்களையும் இடைக்கோட்டையும் விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலே, 63 எழுத்துப் பெயர்களின் எண்ணிக்கை 1க்குப் பின்னால் 89 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணைத் தாண்டுகிறது. நாம் காணக்கூடிய பேரண்டத்தில் உள்ள அணுக்கள் ஏறத்தாழ 1க்குப் பின்னால் 80 சுழியங்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அணுக்களைவிடப் பெயர்கள் அதிகம்!

ஆகவே, பெயருக்குப் பஞ்சமில்லை. பஞ்சம், நல்ல பெயருக்குத்தான். சுருக்கமாக, எளிதில் உச்சரிக்கக்கூடியதாக, ஒருமுறை கேட்டாலே மனத்தில் நிற்பதாக உள்ள பெயர்கள் மிகக் குறைவு. டாட் காமில் மட்டும் இன்று 15 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் பதிவாகியுள்ளன.

பணம் பார்த்தவர்கள் யார்?

முதல் டாட் காம் முகவரி 1985 மார்ச் 15ஆம் தேதி பதிவானது. சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் அதைப் பெற்றது. அப்போது கட்டணம் கிடையாது. 1995இல்தான் இரண்டு ஆண்டுகளுக்கு 100 அமெரிக்க டாலர் என்று கட்டணம் வந்தது.

பெரிய நிறுவனங்களே இதன் மதிப்பை அறியாத காலம் அது. 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்ற செய்தியாளர், மெக்டொனால்ட்ஸ் பெயரிலான டாட் காம் முகவரியைத் தாமே பதிவு செய்து, அதைப் பற்றி ஒயர்டு இதழில் எழுதினார். பிறகு, நியூயார்க்கில் ஒரு பள்ளியின் இணைய வசதிக்காக அந்த நிறுவனம் 3,500 டாலர் வழங்கியது. முகவரி நிறுவனத்தின் கைக்கு வந்தது.

'பிசினஸ்' என்ற சொல்லைக் கொண்ட டாட் காம் முகவரி 1997இல் 150,000 டாலருக்கு விற்றது. இரண்டே ஆண்டுகளில், 1999இல், அது 7.5 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. 2019இல் 'வாய்ஸ்' என்ற முகவரி 30 மில்லியன் டாலருக்கு விலைபோனது.

காணொளிகளில் காட்டப்படும் வெற்றிக் கதைகள் இத்தகையவை. ஆனால், இவற்றில் ஒன்றுகூடப் புதிதாகப் பதிவு செய்த முகவரி அல்ல. அகராதியில் உள்ள சாதாரணச் சொற்கள். இணையம் குழந்தையாக இருந்த காலத்திலேயே பிடிக்கப்பட்டவை. இன்று நீங்கள் தேடும்போது 'கிடைக்கிறது' என்று பச்சை எழுத்தில் காட்டும் பெயர், 40 ஆண்டுகளாக உலகமே பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுவைத்த பெயர் என்பதை மறந்துவிடாதீர்கள். நேற்றுப் பிறந்த சொல்லாக இருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு. அப்படிப்பட்ட சொல்லைப் பிடிக்க உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள்.

பழைய முகவரி ஒன்று காலாவதியாகும்போது பிடிக்கலாமே என்கிறீர்களா? டாட் காம் முகவரி காலாவதியான உடனே பொதுவுக்கு வராது. பழைய உரிமையாளருக்கு முதலில் 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், கடைசியாக 5 நாள் காத்திருப்பு. அதன்பின் விடுபடும் அந்த நொடியில், இதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் மோதிக்கொள்கின்றன. விரலால் தட்டி அவற்றை முந்த முடியாது.

ஐந்து நாள் 'ருசி'

முன்பு ஒரு விதி இருந்தது. முகவரியைப் பதிவு செய்து 5 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். தவறாகப் பதிவு செய்தவர்களுக்காக வைத்த சலுகை அது. சிலர் இதைப் பயன்படுத்தி மில்லியன் கணக்கில் பெயர்களைப் பதிவு செய்வார்கள். 5 நாளில் எந்தப் பெயருக்கு விளம்பர வருமானம் வருகிறதோ அதை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இதை 'ருசி பார்ப்பது' என்றே அழைத்தார்கள்.

முகவரிகளை ஒருங்கிணைக்கும் அனைத்துலக அமைப்பான ஐகேன், 2008இல் அளவுக்கு மீறிய ரத்துகளுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. 2009 ஏப்ரலுக்குள் இத்தகைய ரத்துகள் 99.7 விழுக்காடு குறைந்துவிட்டன. இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் வழி அத்துடன் ஏறக்குறைய அடைபட்டது. இன்று பணத்தைப் போட்டுவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.

நம் கணக்கு என்ன சொல்கிறது?

கணக்கை எளிதாக்கச் சில ஊகங்களை வைத்துக்கொள்வோம். ஒரு முகவரிக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட். ஒரு முகவரி ஓராண்டில் விற்பதற்கான நிகழ்தகவு 100இல் 1. விற்றுத்தரும் சந்தைத் தளத்தின் தரகு 20 விழுக்காடு.

100 முகவரிகளை வைத்திருந்தால் ஆண்டுச் செலவு 6,000 ரிங்கிட். சராசரியாக ஒன்று விற்கும். போட்ட பணம் திரும்ப வேண்டுமானால்கூட அந்த ஒன்று 7,500 ரிங்கிட்டுக்கு விற்றாக வேண்டும். 'சராசரியாக ஒன்று' என்பதால் கட்டாயம் ஒன்று விற்கும் என்று பொருளல்ல. 0.99ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள்; 0.37 வரும். அதாவது, ஓராண்டு முழுவதும் ஒன்றுகூட விற்காமல் போக 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்படி நடந்து, மறு ஆண்டும் எல்லாவற்றையும் புதுப்பித்தால் செலவு 12,000 ரிங்கிட். அப்போது ஒரே விற்பனையில் பணத்தை மீட்க 15,000 ரிங்கிட் கிடைக்க வேண்டும்.

சிறிய அளவில் 10 முகவரிகளோடு தொடங்கினால்? ஓராண்டில் எதுவுமே விற்காமல் போகும் வாய்ப்பு 90 விழுக்காடு. ஐந்து ஆண்டுகள் பொறுமையாக வைத்திருந்தாலும் அந்த வாய்ப்பு 60 விழுக்காடு. செலவோ 3,000 ரிங்கிட்டைத் தொட்டிருக்கும். முதல் ஆண்டுக்குச் சலுகை விலை போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு முழு விலை கேட்பதும் இந்தத் துறையில் வழக்கம்.

யார் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் பணம் பெறுபவர் ஒருவர் உண்டு. அவர், முகவரியைப் பதிவு செய்து தரும் நிறுவனம். பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் வாங்குபவரும் அப்படித்தான்.

பிறர் பெயரைத் தொடாதீர்கள்

புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைப் பதிவு செய்துவிட்டு, அதனிடமே விற்கலாம் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். 1990களில் டென்னிஸ் டெப்பன் என்ற அமெரிக்கர், திரைப்படக் கேமரா நிறுவனமான பனாவிஷனின் பெயரைப் பதிவு செய்து 13,000 டாலர் கேட்டார். நிறுவனம் நீதிமன்றம் போனது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பனாவிஷன் பக்கமே தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு பெயருக்கு 1,000 முதல் 100,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம்.

அனைத்துலக அளவில், 1999இல் ஐகேன் வகுத்த விதிமுறையின் கீழ் வழக்கறிஞர் படையோ பல ஆண்டு வழக்கோ இல்லாமலே முகவரியைப் பறிக்க முடியும். முறையிடுபவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் தம் வணிகச் சின்னத்தைப் போலவே இருக்கிறது, பதிவு செய்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் 2023இல் மட்டும் இத்தகைய முறையீடுகள் 6,000ஐத் தாண்டின. நம் நாட்டின் டாட் மை முகவரிகளை மைனிக் நிர்வகிக்கிறது. அவற்றுக்கும் தனித் தகராறு விதிகள் உள்ளன. ஒரு பெயர் வணிகச் சின்னமா என்பதை மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தின் இணையத் தேடலில் எவரும் பார்க்கலாம்.

இந்தச் சந்தையில் ஏமாற்று வேலையும் உண்டு. உங்கள் முகவரிக்குப் பெரிய விலை தருவதாக ஒருவர் மின்னஞ்சல் அனுப்புவார். விலை பேசி முடிந்ததும் 'மதிப்பீட்டுச் சான்றிதழ்' கேட்பார். எங்கே வாங்க வேண்டும் என்றும் அவரே சொல்வார். நீங்கள் கட்டணம் கட்டியதும் காணாமல் போய்விடுவார். அந்தச் சான்றிதழை விற்றவரும் அவரேதான்.

புதிய முகவரிக்கு இன்னொரு குறையும் உள்ளது. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகப் பதிவான முகவரிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தீங்கானவை, ஐயத்துக்குரியவை அல்லது வேலையிடத்தில் பார்க்கத் தகாதவை என்று கண்டறிந்தது. மோசடிக்காரர்கள் புதுப்புது முகவரிகளை எடுத்துச் சில நாளில் வீசிவிடுவதே இதற்குக் காரணம். வங்கியின் பெயரைப் போலத் தோன்றும் புதிய முகவரியில் இருந்து குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் தேவையானது எது?

விற்பதற்காக 100 பெயர்களை வாங்குவதைவிட, உங்கள் சொந்தப் பெயர் ஒன்றைக் காப்பதே பெரும்பாலோருக்குப் பயன் தரும். பலகாரம் விற்கும் அக்காவோ, துணிக்கடை வைத்திருக்கும் அண்ணனோ, சங்கமோ, ஆலயமோ எதுவாக இருந்தாலும் அந்தப் பெயரில் ஒரு முகவரியை இப்போதே பதிவு செய்து வைக்கலாம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதுவார்கள். 'லட்சுமி' ஒன்றுக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்! மக்கள் அதிகம் எழுதும் இரண்டை எடுத்துவைத்தால் போதும்.

பதிவு, இணையப்பக்கம் செய்து கொடுத்தவர் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தொடர்புக்குக் கொடுத்த மின்னஞ்சல் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். நினைவூட்டல் அங்கேதான் வரும். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும், பிறர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு வசதியையும் இயக்கி வையுங்கள்.

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒரு முகவரிக்கு 35 டாலர் கட்ட மறந்தது. ஹாட்மெயில் பயனர்கள் பலர் தங்கள் மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில், தொடர்பே இல்லாத ஒரு நிரலாளர் தம் கடனட்டையில் அந்தத் தொகையைக் கட்டிய பிறகுதான் நிலைமை சீரானது. உங்கள் கடையின் முகவரிக்கு அப்படி ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அது என்று காலாவதியாகிறது என்பதை இன்றே பார்த்து, நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.