ஈரம் வேறு, ஈரப்பதம் வேறு: மலைப்பாம்பின் கூண்டு கற்பிக்கும் அறிவியல்

பாம்பு தன் தோலைக் கழற்றுவதைத் தமிழில் ‘சட்டை உரித்தல்’ என்கிறோம். மிகப் பொருத்தமான வழக்கு இது. நலமுள்ள பாம்பு உதட்டோரத்தில் தொடங்கி வால்நுனிவரை, உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பும் வண்ணம், பழந்தோல் முழுவதையும் ஒரே உறையாகக் கழற்றிவிடுகிறது. அவ்வாறின்றிச் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து உடலோடு ஒட்டிக்கொண்டிருந்தால், கூண்டின் காற்று வறண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்கச் சட்டம் இடமளிப்பதில்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாதுகாக்கப்பட்ட இனங்களை வைத்திருக்க உரிமம் வேண்டும். எனினும், பாம்பு வளர்க்காதோரும் இக்கூண்டிலிருந்து கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. ஈரத்தையும் ஈரப்பதத்தையும் வேறுபடுத்தி அறிவதே அது.

ஈரம் என்பது மண், துணி போன்ற பொருள்களில் தங்கியுள்ள நீர். ஈரப்பதம் என்பது காற்றில் கலந்துள்ள நீராவியைக் குறிப்பது. ஈரப்பதமானி காட்டும் எண் ஓர் ஒப்பீடு. குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைக் கொள்ள இயலுமோ, அதில் எத்தனை விழுக்காடு இப்போது உள்ளது என்பதையே அது தெரிவிக்கிறது. இதனை ‘ஒப்பு ஈரப்பதம்’ என்பர்.

ஒரு கன மீட்டர் காற்று 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ 22 கிராம் நீராவியைக் கொள்ளும். 32 டிகிரியில் ஏறத்தாழ 34 கிராம் கொள்ளும். குளிரூட்டப்பட்ட அறையொன்றில் வெப்பநிலை 24 டிகிரியாகவும் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடாகவும் இருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள காற்றில் கன மீட்டருக்கு 13 கிராம் அளவே நீராவி உண்டு. அதே காற்றைக் கூண்டின் விளக்கு 32 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீராவியும் வெளியேறாமலே ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வெளியே மழைக்காற்று வீசும் நம் நாடுகளிலும் கூண்டுக்குள் வறட்சி நேர்வதற்குக் காரணம் இதுவே. குளிர்சாதனக் கருவியின் குழாயில் சொட்டும் நீர், அறைக்காற்றிலிருந்து பிரிக்கப்பட்ட நீராவிதான்.

உலகெங்கும் மிகுதியாக வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பை எடுத்துக்கொள்வோம். அச்சமுற்றால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்ற இது, மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழ்வது. பகற்பொழுதைக் கொறிவிலங்குகளின் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. நிலத்தின்மேல் காற்று வறண்டாலும் வளைக்குள் ஈரப்பதம் நிலைத்திருக்கும். கூண்டில் இதற்குப் பொதுவாக 60 முதல் 80 விழுக்காடு வரை பரிந்துரைக்கப்படுகிறது.

சட்டை உரிக்கும் காலத்தில் பழந்தோலுக்கும் புதுத்தோலுக்கும் இடையே நீர்மம் சுரக்கிறது. அப்போது கண்கள் பால்நீலமாக மங்கி, சில நாள்களில் மீண்டும் தெளிகின்றன. அதன்பின் சட்டை கழல்கிறது. காற்று வறண்டிருந்தால் பழந்தோல் விறைத்துக் கிழியும். பாம்புக்கு இமையில்லை, ஒளிபுகும் செதில் ஒன்றே கண்ணை மூடியிருக்கிறது. அச்செதிலும் கழலாமல் தங்கிவிடுவதுண்டு. அதனைக் கையால் பிய்ப்பது கண்ணையே கெடுத்துவிடும். விலங்கு மருத்துவரை நாடுவதே முறை.

வறட்சிக்கு அஞ்சிக் கூண்டை நனைத்துவைப்பது மற்றொரு தவறு. எந்நேரமும் ஈரத்தரையில் கிடக்கும் பாம்பின் அடிவயிற்றுச் செதில்களில் கொப்புளமும் புண்ணும் தோன்றும். காற்றோட்டமற்ற ஈரக்கூண்டில் பூஞ்சணம் பரவும். சுவாச நோயும் எளிதில் பற்றும். நீரைத் தெளித்தால் ஈரப்பதமானியின் எண் சிறிது நேரம் உயர்ந்து பின்னர் இறங்கிவிடும்; தரையின் நனைவோ எஞ்சி நிற்கும்.

எனவே, அகன்ற நீர்க்கிண்ணத்தை வெப்பமான பக்கத்தருகே வைத்தல் நன்று. நீர் மெல்ல ஆவியாகிக் காற்றில் கலக்கும். தேங்காய் நார்த்தூளைத் தடிமனாகப் பரப்பி, அடியடுக்கு மட்டும் ஈரமாகவும் மேலடுக்கு உலர்ந்தும் இருக்கச் செய்யலாம். வலைமூடியின் ஒரு பகுதியை மட்டும் மறைத்தால் காற்றோட்டம் தடைபடாது. ஈரப்பாசி இட்ட மறைவிடம் ஒன்றும் உலர்ந்த மறைவிடம் ஒன்றும் அமைத்தல் இன்னும் சிறப்பு.

ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்பதை வகுப்பறையிலேயே சோதிக்கலாம். ஒரு புட்டிமூடியில் சமையல் உப்பை இட்டு, முழுதும் கரைந்துவிடாதவாறு சில துளி நீர் விட்டுக் குழைக்க வேண்டும். அதனைக் கருவியுடன் காற்றுப்புகாத பெட்டியில் ஓர் இரவு வைத்தால், 25 டிகிரி வெப்பநிலையில் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும். கருவி காட்டும் எண் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதுவே கருவியின் பிழை.

காட்டில் பாம்பு தனக்கு வேண்டிய ஈரப்பதத்தைத் தேடி நகர்ந்து செல்கிறது. கூண்டில் அதற்கு அவ்வழி இல்லை. கருவி காட்டும் எண்ணைச் சரிசெய்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. உலர்ந்த இடமும் ஈரமான இடமும் அடுத்தடுத்து அமைந்திருந்தால், எங்குச் சுருண்டு கிடப்பது என்பதைப் பாம்பே தேர்ந்துகொள்ளும்.