நரம்புக்குக் கடிவாளம் போடும் உப்பு!

"எட்டிக்காயாய்க் கசக்கிறது" என்று சொல்லாத தமிழ் வீடு இல்லை. அந்த எட்டியின் கொட்டைக்குள் ஒரு கொடிய விஷம் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் ஸ்டிரிக்னின். எட்டிக்கு நெருங்கிய இனத்துக் கொட்டை ஒன்றிலிருந்து 1818-ல் அதைப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லத்தியே, கவாந்தூ என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள்.

இந்த விஷம் ஏறியவனின் உடம்பு வில்லாக வளைகிறது. ஒரு சிறு சத்தம் போதும்; தொட்டாலும் போதும். தசைகள் எல்லாம் ஒரே சமயத்தில் இறுகிக்கொள்ளும். நினைவு மட்டும் தப்புவதில்லை! மார்புத் தசையும் இறுகி, மூச்சு விட முடியாமல் உயிர் போகிறது.

விஷம் நரம்பைத் தூண்டிவிடுகிறது என்றுதானே தோன்றும்? இல்லை. நரம்பின் கடிவாளத்தை அது அறுத்துவிடுகிறது!

"ஓடு" - "நில்"

முழங்கையை மடக்கிப் பாருங்கள். மேல்கையின் முன்பக்கத் தசை சுருங்குகிறது. பின்பக்கத் தசை தளர்கிறது. இரண்டும் சுருங்கினால் கை மரக்கட்டைதான். ஆகவே தண்டுவடத்து நரம்பணுவுக்கு "ஓடு" என்ற கட்டளையும் வருகிறது. "நில்" என்ற கட்டளையும் வருகிறது.

நிறுத்துவது எது? நாம் சாப்பிடும் உப்பின் ஒரு பாதியான குளோரைடு!

நரம்பணுவின் உட்புறத்தில் எதிர் மின்சாரம் சற்று மிகுதி. அதன் அளவு சுமார் 70 மில்லிவோல்ட். நேர் மின்சாரம் தாங்கிய சோடியம் உள்ளே புகுந்து இதைக் குறைத்தால் செய்தி கிளம்பும். அதுதான் "ஓடு".

"நில்" என்ற கட்டளை வரும்போது, நரம்பு நுனியிலிருந்து கிளைசின் என்ற ரசாயனம் கசிகிறது. எதிரே உள்ள அணுவின் சுவரில் ஐந்து புரதங்கள் வட்டமாகக் கூடி அமைந்த கதவு இருக்கிறது. கிளைசின்தான் அதன் சாவி. கதவு திறந்ததும், வெளியே மிகுதியாக இருக்கும் குளோரைடு தன் எதிர் மின்சாரத்துடன் உள்ளே பாய்கிறது. சோடியம் செய்த வேலை வீணாகிறது. அணு அடங்கி விடுகிறது.

ஸ்டிரிக்னின் செய்வது என்ன? சாவித் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. கதவு திறப்பதில்லை!

கொள்கையைக் கைவிட்ட மேதை

ஆஸ்திரேலியரான ஜான் எக்கல்ஸ், நரம்புக்கு நரம்பு செய்தி மின்சாரமாகவே தாவுகிறது என்று பல ஆண்டுகள் வாதாடியவர். 1951-ல் நியூஸிலாந்தின் டுனெடின் நகரில் அவரும் சகாக்களும் ஒரு பூனையின் தண்டுவட நரம்பணுவுக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி அளந்தார்கள். "நில்" கட்டளை வந்தபோது உள்ளே எதிர் மின்சாரம் கூடிற்று! அவர் கொள்கைப்படி அப்படி நடக்க முடியாது. ரசாயனமே தூது என்பதை எக்கல்ஸ் ஒப்புக்கொண்டார். பிறகு அணுவுக்குள் குளோரைடை அவர்களே நிரப்பிப் பார்த்தார்கள். "நில்" என்ற கட்டளை தலைகீழாயிற்று! அந்த முடிவுகள் 1955-ல் வெளியாயின. 1963-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோருடன் எக்கல்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மூளையில் வேறு சாவி

மூளையிலும் இதே வகைக் குளோரைடு கதவுதான். அங்கே முக்கியமான சாவி காபா என்ற ரசாயனம். வலிப்புக்குக் கொடுக்கும் டயஸிபாம், காபா அந்தக் கதவை அடிக்கடி திறக்க உதவுகிறது. பினோபார்பிட்டால் திறந்த கதவை அதிக நேரம் மூடாமல் வைக்கிறது.

பிறந்த குழந்தைகளிடம் இம்மருந்துகள் சில சமயம் பலிப்பதில்லை. முதிராத நரம்பணுவுக்குள் குளோரைடு ஏற்கெனவே மிகுதி. கதவு திறந்தாலும் அது உள்ளே பாய்வதில்லை. இதுவும் ஒரு காரணமாகலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

எட்டி விஷம் ஏறியவரைக் காப்பாற்றவும் டயஸிபாம்தான் கை கொடுக்கிறது. வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் நோயாளியைக் கிடத்தி, மருந்தைச் செலுத்தி, தேவையானால் கருவி மூலம் மூச்சு கொடுக்கிறார்கள். கிளைசின் கதவு அடைபட்டால் என்ன? காபா கதவு இருக்கிறதே! உடம்பு அந்த விஷத்தை முறிக்கும் வரையில், குளோரைடு அந்த வழியாக நுழைந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கிறது.