பாஸ் பட்டனுக்கு முன்னால் ஒரு முகம்

2001 அக்டோபரில் 'ஃபைனல் ஃபேண்டஸி: த ஸ்பிரிட்ஸ் விதின்' படத்தின் டிவிடி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, அந்தப் படம் தியேட்டரில் தோற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. செலவு சுமார் 13.7 கோடி டாலர். உலகம் முழுக்க ஓடியும் வசூல் 8.5 கோடியைத்தான் தொட்டது. வீடியோ கேம் உலகில் கொடிகட்டிப் பறந்த ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம், ஹவாயின் ஹொனலுலு நகரில் ஒரு ஸ்டூடியோவே கட்டி, நான்கு ஆண்டு உழைத்து எடுத்த படம் அது. நடிகர் முகம் ஒன்றுகூட அதில் கிடையாது. நிஜ மனிதரைப் போலவே தெரியும் மனிதர்களைக் கணினியிலேயே உருவாக்கி, அவர்களை வைத்து முழுநீளப் படம் எடுப்பது என்பதுதான் இயக்குநர் ஹிரோனொபு சகாகுச்சியின் கனவு. நாயகி டாக்டர் ஆக்கி ராஸ் இந்த ஒரு படத்தோடு நிற்காமல், வேறு வேறு படங்களில் வேறு வேறு வேடம் கட்டும் 'நடிகை'யாக வலம் வருவாள் என்றும் அவர் எண்ணியிருந்தார்.

தியேட்டரில் தோற்ற படம் வீட்டுக்கு வந்ததும் அதற்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது. இரண்டு வட்டுகள் கொண்ட சிறப்புப் பதிப்பில், ஒரு காட்சியின் ஷாட்களைப் பார்வையாளரே இடம்மாற்றி அடுக்கிப் பார்க்கலாம். கதாபாத்திரங்கள் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பாட்டுக்கு ஆடும் ரகசியத் துண்டு ஒன்றும் மெனுவில் ஒளிந்திருந்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, ரிமோட்டில் இருந்த பாஸ் பட்டன்.

தியேட்டரில் ஒரு ஃபிரேம் நம் கண்முன் நிற்பது நொடியில் 24இல் ஒரு பங்கு நேரம்தான். வீட்டில் அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். இந்தப் படத்துக்காக 960 கணினிகள் இராப்பகலாக ஓடி ரெண்டர் செய்த ஃபிரேம்கள் 1,41,964. அவற்றில் ஏதாவதொன்றில் ஆக்கியை நிறுத்திப் பாருங்கள். கன்னத்தில் மிக லேசான புள்ளிகள், உதட்டில் மெல்லிய வரிகள், நெற்றியில் தனித்தனியாக விழும் முடி. அவள் தலையில் இருப்பது ஏறத்தாழ 60,000 மயிரிழைகள். அந்தக் காலத்து டிவியில் பார்த்தவர்கள் புகைப்படம் என்றே ஏமாந்திருந்தால் அது அவர்கள் குற்றமில்லை.

கணினியில் பிறந்த படத்துக்கும் டிவிடிக்கும் இருந்த பொருத்தம் தனி. அன்று மற்ற படங்களை வீடியோவாக மாற்ற, பிலிம் சுருளை ஸ்கேன் செய்தாக வேண்டியிருந்தது. அதன் தூசியும் கீறலும் துகள்களும் கூடவே வந்தன. கணினிப் படத்துக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் எறும்புக் கதை 'எ பக்ஸ் லைஃப்' 1999இல் டிவிடியாக வந்தபோது, பிலிமைத் தொடாமல் கணினிக் கோப்புகளிலிருந்து நேரே வட்டுக்கு இறங்கியது. இன்னொரு வேலையும் நடந்தது. தியேட்டருக்காக மிக அகலமாக எடுக்கப்பட்ட படத்தை அன்றைய சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டி எறியாமல், எறும்புகளை நெருக்கி நிறுத்தியும் மேலும் கீழும் இடத்தைக் கூட்டியும் பல ஷாட்களை மறுபடி அமைத்தார்கள். படம் முடிந்து வெளியான பிறகும் நடிகர்களைக் கூப்பிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல முடிவது கணினிப் படத்தில் மட்டும்தான். ஆனால் இந்தத் துல்லியத்துக்கு மறுபக்கமும் உண்டு. குறையை மறைத்துக்கொள்ள பிலிமின் துகள்கூட இல்லை. உருவாக்கியது எதுவோ அது அப்படியே வீட்டு டிவியில் வந்து நிற்கும்.

சரி, ஆக்கியின் முகத்தில் இப்போது பிளே பட்டனை அழுத்துவோம். நிறுத்தியபோது மனுஷியாகத் தெரிந்தவள், அசைந்ததும் வேறு யாரோ ஆகிவிடுகிறாள். வாய் பேசுகிறது, கன்னம் அதோடு சேர்ந்து வரவில்லை. தலை திரும்புகிறது, கழுத்தின் தசை திரும்பவில்லை. உடல் அசைவுகளை நிஜ நடிகர்களின் உடம்பிலிருந்து மோஷன் கேப்சர் முறையில் பதிவு செய்தார்கள். முகத்தையோ அனிமேட்டர்கள் கையால் அசைத்தார்கள். உடம்பின் தாளம் ஒன்று, முகத்தின் தாளம் இன்னொன்று. ஒட்டவில்லை.

ஜப்பானிய ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970இலேயே இதை எழுதி வைத்திருந்தார். பொம்மை மனித உருவை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் பிரியம் கூடிக்கொண்டே போகும். கிட்டத்தட்ட மனிதனாகவே ஆகிவிடும் கட்டத்தில் அந்தப் பிரியம் திடீரென்று சரிந்து அருவருப்பாகிவிடும் என்றார் அவர். கூடவே அவர் சொன்ன இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை: உருவம் அசையத் தொடங்கினால் அந்தச் சரிவு இன்னும் ஆழமாகும். ரிமோட்டின் இரண்டு பட்டன்களும் அதையே நிரூபித்துக் காட்டின.

எல்லாவற்றையும்விடக் கண்தான் காட்டிக்கொடுத்துவிடும். எதிரே இருப்பவரின் கண்ணைக் கொஞ்ச நேரம் கவனித்தால் தெரியும், விழி வழுக்கிக்கொண்டு நகர்வதில்லை. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. பார்வை பெரிதாக மாறும்போது இமை ஒருமுறை மூடித் திறக்கிறது. கீழிமையின் விளிம்பில் ஒரு நூல் அளவுக்கு ஈரம் மினுங்குகிறது; மேலிமை விழியின்மேல் மெல்லிய நிழல் போடுகிறது. இதெல்லாம் இருப்பதே பேசும்போது நம் நினைவில் இருப்பதில்லை. இல்லாமல் போனால் மட்டும் உடனே தெரிந்துவிடுகிறது.

ஸ்கொயர் அந்த ஹொனலுலு ஸ்டூடியோவை 2002இல் மூடியது. மூடுவதற்கு முன் அது செய்த கடைசி வேலை, 2003இல் 'த அனிமேட்ரிக்ஸ்' என்ற குறும்படத் தொகுப்பின் டிவிடியில் இடம்பெற்ற 'ஃபைனல் ஃப்ளைட் ஆஃப் த ஒசைரிஸ்' என்ற குறும்படம். அதன் தொடக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும் வாளெடுத்து மோதுகிறார்கள். இருவர் கண்ணிலும் துணி கட்டியிருக்கிறது. தோளின் தசை, வியர்வை, மூச்சு வாங்கும் வயிறு என்று உடல்கள் முழு உயிரோடு இருக்கின்றன, கண் மறைந்திருக்கிறது. திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, அந்தக் குழு உருவாக்கிய மனிதர்களில் நம்மை முழுதாக நம்பவைத்தவர்கள் இந்த இருவர்தான். இயக்கியவர் ஆண்டி ஜோன்ஸ். 'ஃபைனல் ஃபேண்டஸி'யின் அனிமேஷன் பொறுப்பும் அவருடையதே. பின்னாளில் 'அவதார்', 'த ஜங்கிள் புக்' படங்களுக்காக ஆஸ்கர் வாங்கிய குழுக்களில் அவரும் இருந்தார்.

ஹாலிவுட் இயக்குநர் ராபர்ட் ஸெமெக்கிஸ் 2004இல் 'த போலார் எக்ஸ்பிரஸ்' எடுத்தபோது டாம் ஹாங்க்ஸின் முகத்தையும் உடலையும் பதிவு செய்து பல வேடங்களில் உலவவிட்டார். முகத்தில் ஒட்டிய புள்ளிகள் கன்னத்தையும் புருவத்தையும் பிடித்தன. விழியின்மேல் புள்ளி ஒட்ட முடியாதே! குழந்தைகளின் கண்ணில் உயிரில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அதனால் 2007இல் வந்த 'பியோவுல்ஃப்' படத்தில் நடிகர்களின் கண்ணைச் சுற்றி மின்வாய்களை ஒட்டி, விழி நகரும்போது எழும் நுண்ணிய மின் சைகைகளையே பதிவு செய்தார்கள். ஒரு பார்வைக்காக அவ்வளவு பாடு.

இந்தப் பாட்டைத் தமிழ் சினிமாவும் பட்டிருக்கிறது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014இல் வந்த 'கோச்சடையான்' இதே மோஷன் கேப்சர் வழியில் எடுத்த படம். ஹாலிவுட் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய பட்ஜெட்டில் அதைச் செய்யத் துணிந்ததே பெரிய விஷயம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட முகம் சாதாரண முகமா? ரஜினி திரும்பும் வேகம், தலைமுடியைக் கோதும் கை, சிரிப்புக்கு முன்னால் உதட்டோரம் வரும் அசைவு என்று தமிழ் ரசிகனுக்கு மனப்பாடமான முகம் அது. ஆக்கியை யாரும் முன்பின் பார்த்ததில்லை. ரஜினியிடம் கால் நொடி பிசகினாலும் முதல் வரிசையில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

பிக்ஸார் போன வழி வேறு. மீன்களின் கதையான 'ஃபைண்டிங் நீமோ'வுக்காக அவர்கள் கடலடி வீடியோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, அதே காட்சியைக் கணினியில் உருவாக்கிப் பார்த்தார்கள். தண்ணீரில் மிதக்கும் தூசு, மேற்பரப்பு வழியே இறங்கி மணலில் நெளியும் ஒளி, அலையின் இழுப்புக்குச் சேர்ந்தாடும் பாசி, தூரம் போகப்போக அடர்ந்துவரும் நீலம். கடைசியில் எது நிஜம், எது செய்தது என்று சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. அங்கேதான் நிறுத்தி, பின்வாங்கினார்கள். இப்படிப்பட்ட கடலில் பேசும் மீன் பொருந்தாது என்று நிறத்தைக் கூட்டி, நீரைக் கொஞ்சம் தெளிவாக்கி, கதைக்கு ஏற்ற கடலாக மாற்றினார்கள். கையில் வந்த திறமையைக் கதைக்காக அடக்கி வாசிப்பது, அந்தத் திறமையைச் சம்பாதிப்பதைவிடக் கடினம்.

அசைவில் மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மீன்களின் உடலியக்கத்தை ஆராயும் ஆடம் சம்மர்ஸை அழைத்து வந்து, எந்த மீன் எந்தத் துடுப்பை எப்படி அடித்து நீந்தும் என்று அனிமேட்டர்களுக்குப் பாடம் எடுக்க வைத்தார்கள். கோமாளி மீன் மார்புத் துடுப்புகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு போகும். சுறா வாலை வீசிப் போகும். பேசும்போதுகூட, கதையின் கோமாளி மீன் மார்லின் சும்மா நிற்பதில்லை, துடுப்பு அசைந்துகொண்டே இருக்கும், நீரின் இழுப்பில் உடம்பு லேசாகத் தள்ளப்பட்டுத் திரும்பும். 2003 நவம்பரில் வந்த அந்தப் படத்தின் டிவிடி 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, உலகிலேயே அதிகம் விற்ற டிவிடியானது. எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் அது வரைந்த மீன்தான் என்று குழந்தைக்கும் தெரியும். பிளேயை அழுத்தினால் அது நீந்துகிறது.