நிழற்படம் காத்த புகையிரதப் பாதை

பிரித்தானியாவிலே 1963 ஆம் ஆண்டு கலாநிதி பீச்சிங் அளித்த அறிக்கை, 2,000 இற்கு மேற்பட்ட புகையிரத நிலையங்களை மூடுமாறு கூறிற்று. 1968 இல் பெரும்பாதைகளில் நீராவி இயந்திரங்களின் சேவையும் முடிவெய்திற்று. அக்காலத்தே அன்பர் பலர் பாதையோரங்களில் நின்று படம் பிடித்தனர். இயந்திரத்தின் எண், இடம், நாள் என்பவற்றையும் குறித்துவைத்தனர்.

இதனால் விளைந்த பயன் யாது? டெவன் பகுதியிலுள்ள லின்ரன் – பாண்ஸ்ரபிள் சிறுபாதை 1935 இலேயே மூடப்பட்டுத் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. அதன் ஒரு பகுதி, ஆர்வலர் முயற்சியால் 2004 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவ்வாறு அழிந்ததை மீட்டமைப்போர்க்கு நிலையத்தின் கூரையும் பெட்டியின் கதவும் இருந்தவாற்றைக் காட்டுவன பழைய படங்களன்றோ? இடமும் நாளும் அறியப்படாத படமோ வாய்பேசாது.

பழைய மாணவர்காள்! உங்கள் இல்லங்களிலுள்ள கல்லூரிப் படங்களின் பின்புறத்தே பெயரும் ஆண்டும் இன்றே எழுதிவைப்பீராக.