ஒளி பிடிக்கும் உத்தியோகம்

பிழைப்பை நாடி வடக்கே வந்த நம் முன்னோர் பலருக்குத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேர்ந்த சான்றிதழே பெருஞ்செல்வமாக இருந்தது. பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் அதைக் காட்டியே அவர்கள் உத்தியோகம் பெற்றார்கள். அவர்களுடைய பேரனோ பேத்தியோ இன்று, புகைப்படக்காரர் ஒருவரிடம் உதவியாளராகச் சேரப்போவதாகச் சொன்னால் வீட்டில் கவலை எழுவது இயல்பே. பட்டம் பெற்றுவிட்டு விளக்குத் தூக்குவதா என்று தாயார் கேட்கிறார். இதில் என்ன நிரந்தரம் என்று தந்தையார் கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை காண வேண்டுமானால், அந்த உதவியாளருக்கு எதற்காக ஊதியம் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

படம் எடுப்பவரின் கண் காமிராவில் இருக்கும். மற்ற அனைத்தின்மீதும் உதவியாளரின் கண் இருக்க வேண்டும். விளக்குத் தூக்குவது எளிய வேலை என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்கட்டும். விளக்குக்கும் முகத்துக்கும் இடையேயுள்ள தொலைவு இரு மடங்கானால் ஒளி பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. 1 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டியவர் கை சோர்ந்து ஓரடி பின்வாங்கினால், ஏறக்குறைய 40 விழுக்காடு ஒளி போய்விடும். ஆகவே அசையாமல் நிற்பதும் ஒரு திறமையே. ஆயினும் அதனினும் பெரிது நம்பிக்கை. தாலி கட்டும் கணம் மறுமுறை வராது. அந்த ஒரு கணத்தைக் கெடாமல் காத்துக் கொடுப்பவர் என்ற நம்பிக்கைக்கே இத்தொழிலில் ஊதியம்.

வேலை தேடுவோர் நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதில் பயனில்லை. நான்கைந்து புகைப்படக்காரர்களைத் தேர்ந்து, அவர்களுடைய படங்களை ஊன்றிப் பார்த்தபின், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நான்கு வரி எழுதலாம். எந்தப் பகுதியில் குடியிருக்கிறோம், என்னென்ன மொழிகள் பேசுவோம், வண்டி ஓட்டத் தெரியுமா, எவ்வகை விளக்குகளைக் கையாண்டிருக்கிறோம் என்பவற்றைச் சொன்னால் போதும். சொந்தப் படங்கள் பத்து இருந்தால் போதுமானது. பதில் வராவிட்டால் சில நாட்கள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். நாள்தோறும் தொல்லை கொடுத்தல் தகாது. தெரியாத கருவியைத் தெரியும் என்று சொல்வது பெருந்தீங்கு. “இதைப் பழகியதில்லை, ஒருமுறை காட்டினால் செய்வேன்” என்று சொல்பவரையே அனுபவசாலிகள் விரும்புவர்.

மற்றொரு வழியும் உண்டு. மும்பையின் அந்தேரியில் காமிராவும் விளக்குகளும் வாடகைக்கு விடும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் சில மாதம் பணியாற்றினால் கருவிகளும் பழகும். அவற்றை எடுக்க வரும் புகைப்படக்காரர்களும் பழக்கமாவர். மும்பைக் கோட்டைப் பகுதியின் போரா பஜார், டில்லி சாந்தினி சவுக்கின் கூச்சா சௌதரி, கொல்கத்தாவின் மெட்ரோ கலி ஆகிய காமிராக் கடைவீதிகளிலும் இத்தகைய அறிமுகங்கள் கிடைக்கும்.

வெளிமாநிலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. கெட்டிமேளம் முழங்கியதும் உறவினர் அனைவரும் எழுந்து முன்னே வந்து மணமக்களை மறைத்துவிடுவர் என்பது நமக்குத் தெரியும். குஜராத்திப் புகைப்படக்காரருக்குத் தெரிந்திராது. முன்கூட்டியே அவருக்கு உயரமான இடம் பிடித்துக் கொடுக்கும் உதவியாளர் விலைமதிப்பற்றவர். அதுபோலவே, மராட்டியத் திருமணத்தில் மணமக்களிடையே பிடித்திருக்கும் அந்தர்பாட் என்னும் திரை, மங்களாஷ்டகம் முடிந்ததும் விலகும் கணத்தையும், வங்கத் திருமணத்தில் மணமகள் முகத்தை மறைத்த வெற்றிலைகளை விலக்கி மணமகனை நோக்கும் கணத்தையும் அறிந்திருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் சடங்குகளை அன்போடு கவனித்து வளர்ந்த பிள்ளைக்கு இவை தாமாகவே வரும்.

இனி, பணியின்போது நடந்துகொள்ள வேண்டிய முறை. முந்தின இரவே பாட்டரிகளுக்கு மின்னேற்றிவிட வேண்டும். இரண்டு காமிராக்கள் இருந்தால் அவற்றின் கடிகாரங்களை ஒன்றுபோல் வைக்க வேண்டும்; தவறினால் படங்களைப் பின்னர் வரிசைப்படுத்தும்போது ஆசீர்வாதம் முன்னும் ஊஞ்சல் பின்னுமாகக் குழம்பும். விளக்குத் தாங்கியின் காலில் மணல் மூட்டை வைப்பதும், குழந்தைகள் ஓடும் மண்டபத்தில் மின்கம்பியைத் தரையோடு ஒட்டுவதும் உதவியாளரின் கடமை. எழுதிய மெமரி கார்டும் வெற்றுக் கார்டும் ஒரே பையில் சேரலாகாது. இரண்டு பிரதிகள் எடுத்துச் சரிபார்க்கும் முன் எந்தக் கார்டையும் அழிக்கலாகாது. விமானத்தில் செல்லும்போது உபரி லிதியம் பாட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புறப்படும்போது எண்ணிய பொருள்களைத் திரும்பும்போதும் எண்ண வேண்டும்.

விளம்பரப் படப்பிடிப்பில், பளபளக்கும் பொருள்களில் பிரதிபலிக்காதிருக்கக் கறுப்பு ஆடை உடுத்துவது வழக்கம். நம்மவர் திருமணத்திற்கு அதே ஆடையில் போனால் பாட்டிமார் முகம் சுளிப்பர். அங்கே பகட்டில்லாத வேறு நிறம் நன்று. புகைப்படக்காரர் ஏதேனும் தவறினால் பிறர் அறியாமல் காதோடு சொல்ல வேண்டும். மணப்பெண்ணின் நகையோ புடவையோ விலகியிருந்தால் தாமே தொட்டுத் திருத்தாமல் உறவுப் பெண்களிடம் சொல்ல வேண்டும். விருந்தினர் தொலைபேசி எண் கேட்டால் புகைப்படக்காரரின் சீட்டையே கொடுக்க வேண்டும். தமக்குச் சோறிட்டவரின் வாடிக்கையைத் தட்டிப் பறித்தவர் என்ற பெயர் வந்தால் அது எளிதில் அகலாது. படங்களைச் சமூக ஊடகங்களில் தாமாக வெளியிடுவதும் கூடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அப்படத்தின் முதல் உரிமையாளர்.

பணிவு வேறு, ஏமாளித்தனம் வேறு. ஒரு நாளுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், நேரம் மீறினால் என்ன, நள்ளிரவில் வீடு திரும்ப வண்டிச் செலவு யாருடையது, பணம் எந்நாளில் வரும் என்பவற்றை வேலைக்கு முன்பே வாட்ஸப்பிலாவது எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். “அனுபவம் கிடைக்கிறதே” என்று சொல்லி மாதக்கணக்கில் ஊதியமின்றி உழைக்க வைப்பவரிடம் நீடிக்க வேண்டியதில்லை. இத்துறைக்கு வரும் பெண்கள் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைந்த சிறு நிறுவனமாயினும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்ய அச்சட்டம் வழி வகுத்துள்ளது.

நிரந்தரம் பற்றிய கேள்விக்கு வருவோம். மாதச் சம்பளம் போன்ற உறுதி இதில் இல்லை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இது நெடுநாள் பயிற்சியின் முதற்படி. பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்த கே. வி. ஆனந்த், ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்து பயின்றார். அதன்பின் அவர் தனித்து ஒளிப்பதிவு செய்த முதற்படமான ‘தேன்மாவின் கொம்பத்து’ என்னும் 1994ஆம் ஆண்டு மலையாளப் படமே அவருக்குத் தேசிய விருதைத் தந்தது. கையில் கலை இருந்தும் மீண்டும் மாணவராக நிற்க அவர் தயங்கவில்லை.

மற்றொரு வரலாறும் உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரராகிய ஹோமாய் வியாரவாலா எடுத்த தொடக்ககாலப் படங்கள், அவருடைய கணவர் மானேக்‌ஷா பெயரில் வெளியாயின. 2011ஆம் ஆண்டு பத்ம விபூஷண் பெற்ற அம்மையாருக்கும் அன்று பெயர் கிட்டவில்லை. பிறர் பெயரில் உழைப்பது இத்தொழிலில் பழகிய ஒன்று என்றாலும், அதுவே நீதியாகிவிடாது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை இத்தொழிலை நாடினால் ஓராண்டு அவகாசம் கொடுங்கள்; முகூர்த்த வேளையில் தொலைபேசியில் அழைக்காதீர்கள். ஓராண்டு முடிவில் எத்தனை படம் எடுத்தாய் என்று கேட்பதைவிட, எத்தனை பேர் உன்னை இரண்டாம் முறை அழைத்தார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கையே உண்மையான சான்றிதழ். நம்மவர்களில் ஸ்டுடியோ நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை: உங்களிடம் விளக்குப் பிடிக்கும் பிள்ளைக்கு நாள் தவறாமல் ஊதியம் கொடுங்கள். அவர் எடுத்த படம் அச்சேறும் நாளில், அதன்கீழ் அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.