விளக்கு எரிகிறது, பழுது எங்கே?

ஓடும் காரில் திடீரென பிரேக்கை அழுத்தினால், சக்கரங்கள் உருளாமல் இறுகி வண்டி வழுக்கக்கூடும். அதைத் தடுப்பது ஏ.பி.எஸ். அமைப்பு. இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதை இதற்குச் சொல்வது சக்கர வேக உணரி. அது பழுதானால் மஞ்சள் நிற எச்சரிக்கை விளக்கு எரியும். வழக்கமான பிரேக் வேலை செய்யும்; ஆனால் இறுகுவதைத் தடுக்கும் பாதுகாப்பு இருக்காது.

பழைய வகை உணரியில் ஒரு நிலைகாந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தின் ஒவ்வொரு பல்லும் அதைக் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. வளையத்தில் 48 பற்கள், டயரின் சுற்றளவு 2 மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். அதாவது 5 சுற்றுகள், 240 துடிப்புகள். புதிய வகை உணரிகள் ஹால் விளைவு போன்ற முறைகளில் இயங்குகின்றன. அவற்றுக்குத் தனியே மின்சாரம் தர வேண்டும்.

பழுதறியும் கருவியை இணைத்தால், ‘இடது முன் சக்கர உணரிச் சுற்றில் குறை’ என்று குறியீடு காட்டலாம். உடனே உணரியை மாற்றிவிடுவது பலர் செய்யும் தவறு. குறியீடு சுட்டுவது சுற்றை. உணரி, ஒயர், இணைப்பான் எல்லாம் அதில் அடங்கும். எனவே முதலில் வண்டியை ஓட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் கருவித் திரையில் ஒப்பிட வேண்டும்.

• ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் சுழியம் காட்டினால்: ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது உணரி செயலிழந்திருக்கலாம்.
• ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் விட்டுவிட்டு வந்தால்: ஒயரில் உள்முறிவு அல்லது இணைப்பில் தளர்வு.
• ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தடுமாறினால்: பல்வளையத்தில் விரிசல் அல்லது உடைந்த பல்.
• மெதுவாகச் செல்லும்போது மட்டும் மறைந்தால்: உணரியின் முனையில் இரும்புத்துகள், துரு, அல்லது இடைவெளி அதிகரிப்பு. பேரிங் ஆட்டமும் இதற்குக் காரணமாகலாம்.

அடுத்து கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகே மல்டிமீட்டர். கம்பிச்சுருள் வகையில் மின்தடை பெரும்பாலும் 1000 ஓம் அளவை ஒட்டி இருக்கும். அளவு முடிவிலி எனில் கம்பி அறுந்துள்ளது. சுழியத்தை ஒட்டி இருந்தால் குறுக்குச்சுற்று. எதிர்ப்பக்கச் சக்கரத்தின் உணரியையும் அளந்து ஒப்பிடுவது நல்லது. ஹால் வகைக்கு இந்த மின்தடைச் சோதனை பொருந்தாது.

இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளில் நான்கு சிறு காந்தங்களைச் சம இடைவெளியில், ஒரே துருவம் வெளியே தெரியுமாறு கட்டுங்கள். அருகில் கம்பிச்சுருளை நிறுத்தி, கால்வனாமீட்டருடன் இணைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒவ்வொரு காந்தம் கடக்கும்போதும் முள் அசையும். பின்னர், மாணவர் பார்க்காதபோது ஒரு குறையை உருவாக்குங்கள்: ஒரு காந்தத்தை எடுத்துவிடலாம், சுருளைத் தள்ளி வைக்கலாம், ஓர் ஒயரைக் கழற்றலாம். மூடிய அட்டைக்குப் பின்னால் சக்கரம் சுழல, முள்ளின் அசைவை மட்டும் பார்த்து, என்ன குறை என்று குழுக்கள் காரணத்தோடு சொல்லட்டும்.

விடையை விட, ‘வேறு எதுவாக இருக்க முடியாது, ஏன்?’ என்ற கேள்விக்கு அவர்கள் தரும் பதிலுக்கே மதிப்பெண் கொடுங்கள். தேர்வுத்தாளில் குறைந்த மதிப்பெண்ணும் ஓர் எச்சரிக்கை விளக்குதான். கழித்தலில் தவறும் குழந்தைக்குக் கடன்வாங்குதல் புரியவில்லையா, இடமதிப்பு புரியவில்லையா, கரும்பலகை தெரியவில்லையா என்று பிரித்தறிந்த பிறகே குறைதீர் கற்பித்தல் பயன் தரும்.