டிப்ஸ் வாங்குவது பிச்சையா?



போன வாரம் சாப்பாட்டு பெல் அடித்ததும் ஒரு தோழி என்னிடம், "உங்க மாமா ஓட்டல்ல தட்டுல கிடக்குற காசை எடுத்துப் பாக்கெட்ல போட்டாருடி, நான் பார்த்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி மாமாவிடமே கேட்டேன். அவர் சொன்னதையும் செய்தித்தாளில் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

டிப்ஸ் என்றால் என்ன?

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் சப்ளையர் ஒரு சின்னத் தட்டில் பில்லும் சோம்பும் வைத்துக் கொண்டு வருவார். நாம் பணம் வைத்தால் கல்லாவில் கட்டிவிட்டு மீதிச் சில்லறையைக் கொண்டுவந்து தருவார். அதில் ஐந்தோ பத்தோ விட்டுவிட்டு எழுந்து வருகிறோம் அல்லவா, அதுதான் டிப்ஸ். அது பில்லில் இருக்காது. கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எங்கள் மாமா முன்பு தறியில் பட்டு நெய்தவர். கூலி கட்டுப்படியாகாமல் ஓட்டல் வேலைக்குப் போனார். 2019-இல் அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தது. அப்போது காஞ்சிபுரம் முழுக்கக் கூட்டம். மாமாவுக்கு உட்காரவே நேரம் கிடைக்காதாம். கால் வீங்கிப்போய் வருவார். அந்த வருஷம் எனக்குப் புதுப் பையும் செருப்பும் வாங்கிக் கொடுத்தார். அது டிப்ஸ் காசு என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்!

தட்டு எங்கே போச்சு?

2016-இல் யு.பி.ஐ. வந்தது. இப்போது பெரும்பாலானவர்கள் போனில் ஸ்கேன் செய்கிறார்கள். பில் 187 ரூபாய் என்றால் சரியாக 187 ரூபாய் முதலாளி கணக்குக்குப் போய்விடுகிறது. மீதி என்று ஒன்று வருவதே இல்லை. "முன்னே நாளைக்கு நூறு நூத்தம்பது கிடைக்கும். இப்போ முப்பது ரூபா வந்தா பெரிசு. ஜனங்க மனசு மாறலம்மா, சில்லறைதான் காணாம போச்சு" என்றார் மாமா.

உள்ளே தோசை மாஸ்டர் அனலில் நிற்கிறார். கிளீனர் எச்சில் இலை எடுக்கிறார். அவர்களுக்கு டிப்ஸ் வைப்பவர் குறைவு. நம் ஊரில் நெய்த பட்டைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்களும், நெய்தவருக்கென்று தனியாக ஒன்றும் தருவதில்லை. முகம் தெரிந்தவருக்குத்தான் டிப்ஸ். அதனால் டிப்ஸை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. முதலாளி தரும் கூலி சரியாக இருக்க வேண்டும். 1948-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, ஓட்டல் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு கூலி நிர்ணயம் செய்தது.

உங்களுக்குத் தெரியுமா?

* ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.
* அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும் என்பது மத்தியச் சட்டம். 1991 முதல் அந்தத் தொகை ஏறவே இல்லை! டிப்ஸையும் சேர்த்து 7 டாலர் 25 சென்ட் வராவிட்டால், குறைவதை முதலாளி தர வேண்டும். சில மாநிலங்களில் இதைவிட அதிகக் கூலி உண்டு.
* சில பெரிய ஓட்டல்களில் பில்லிலேயே 'சர்வீஸ் சார்ஜ்' சேர்ப்பார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் சொன்னது. அது சரிதான் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பு கூறியது. எடுக்க மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.
* பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகும் வரி. சப்ளையருக்கு அதில் ஒரு பைசாகூட வராது.

நாம் என்ன செய்யலாம்?

போனில் பணம் கட்டினாலும், முடிந்தால் ஒரு பத்து ரூபாயைச் சப்ளையர் கையிலேயே கொடுக்கச் சொல்லி அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். தட்டில் வீசிவிட்டுப் போக வேண்டாம். காசு இல்லை என்றால் பரவாயில்லை. "யோவ், இங்க வா" என்று கூப்பிடாமல் "அண்ணே" என்று கூப்பிடுங்கள். சோற்றை வாரி இறைக்காமல் சாப்பிடுங்கள். கிளீனருக்கு அதுவே பெரிய உதவி.

கடைசியாக மாமாவிடம், "டிப்ஸ் வாங்குறது பிச்சை மாதிரி இல்லையா மாமா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பிச்சைன்னா சும்மா வாங்குறது. நான் நாலு தடவை சாம்பார் ஊத்தினேனே!" என்று சிரித்தார்.

என்னைக் கேலி செய்த தோழிக்கும் இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு அந்த ஓட்டலுக்குப் போய், மாமா கையில் பத்து ரூபாய் கொடுத்தாளாம். மாமா அவளுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாராம்!

உழைப்பை மதிப்போம்! உழைப்பவரை மதிப்போம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி